ஸ்விஃப்டுக்கு ரன்னிங் இண்டிகேட்டர் டெயில் லைட்: ஒரு மழைக்காலம், ஒரு கத்திரி வெயில் பாத்த பிறகு ரிவ்யூ

2018-ல வந்த மாடல் ஸ்விஃப்ட் வச்சிருக்கிறவங்க நிறைய பேர் இந்த ரன்னிங் இண்டிகேட்டர் டெயில் லைட்டை, அதாவது இண்டிகேட்டர் போட்டா உள்ள இருந்து வெளிய வரிசையா ஓடி எரியற பின்பக்க லைட்டைப் பத்தி விசாரிச்சுட்டே இருக்கீங்க, தண்ணி இறங்குமா, வயர் கட் பண்ணணுமா, போலீஸ் பிடிப்பாங்களான்னு. போட்ட அன்னிக்கே ரிவ்யூ எழுதறதுல அர்த்தமே இல்லைன்னுதான் நான் வெயிட் பண்ணேன், இப்ப ஒரு மழைக்காலமும் ஒரு கத்திரி வெயிலும் தாண்டியாச்சு. முதல்லயே சொல்லிடறேன், எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா கடையில டேபிள் மேல வச்சு பேட்டரி கொடுத்து ஓட விடும்போது நமக்குப் பிடிக்கறது வேற, ரோட்டுல பின்னாடி பைக்ல வர்ற ஆளுக்கு நாம எந்தப் பக்கம் திரும்பப் போறோம்னு சட்டுனு புரியறது வேற. இந்த ரெண்டாவது விஷயத்தை வச்சுத்தான் நான் இந்த லைட்டுக்கு மார்க் போடப் போறேன்.

வாங்கினது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுல. சென்னைக்காரங்களுக்கு ஜிபி ரோடுன்னா தெரியும், மவுண்ட் ரோட்டுல இருந்து ராயப்பேட்டை பக்கம் போற ரோடு, ரெண்டு பக்கமும் சீட் கவர், சன் ஃபிலிம், ஆடியோ, லைட்டுன்னு வரிசையா கார் ஆக்சஸரீஸ் கடைங்கதான். வண்டியை நிறுத்த இடம் கிடைக்கறதுதான் அங்க பெரிய வேலை, காலையில கடை திறக்கற நேரத்துக்குப் போயிடுங்க. புதுப்பேட்டையிலயும் லைட் கிடைக்கும், ஆனா அங்க பழைய ஸ்பேர்ஸ்தான் ஜாஸ்தி, இந்த மாதிரி புது செட்டுக்கு ஜிபி ரோடுதான் சரி.

கடையில இதை ரன்னிங் இண்டிகேட்டர்னு கேட்டாலும் எடுத்துத் தருவாங்க, மேட்ரிக்ஸ் லைட்டுன்னு கேட்டாலும் எடுத்துத் தருவாங்க, ஆடி (Audi) கார் ஸ்டைல்னு சொன்னாலும் புரிஞ்சுடும். ஜோடி 13,000 சொன்னாங்க, பேசி 11,500-க்கு முடிஞ்சது, மாட்டற கூலியும் சேர்த்து. கடைப் பையன் முதல்ல எடுத்து வச்சது கறுப்பு ஸ்மோக் கண்ணாடி போட்ட செட், "இதான் சார் இப்ப ஓடுது"ன்னான். உள்ள உக்காந்திருந்த பெரியவர், எல்லாரும் பாய்னு கூப்பிடறாங்க, அவரே எழுந்து வந்து "தம்பி, ஸ்மோக் வேணாம், மத்தியானம் வெயில்ல பின்னாடி வர்றவனுக்கு ஒண்ணும் தெரியாது, விலை ஒண்ணுதான், சிவப்பே எடுத்துக்குங்க"ன்னாரு. அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. நம்ம ஊர் வெயில்ல பிரேக் லைட்டே கண்ணைச் சுருக்கிப் பாத்தாதான் தெரியும், அதுக்கு மேல கறுப்புக் கண்ணாடி வேற போட்டா என்ன மிஞ்சும்? ஸ்மோக் வாங்காதீங்க, யார் என்ன சொன்னாலும்.

இதுல மூணு வழி இருக்கு. ஒண்ணு நான் பண்ணின மாதிரி முழு டெயில் லைட்டையே மாத்தறது. ரெண்டாவது, கம்பெனி லைட்டைக் கழட்டி ஹீட் கன்ல சூடு பண்ணி கண்ணாடியைப் பிரிச்சு உள்ள எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டித் திரும்ப மூடறது, மூணாயிரம் நாலாயிரத்துல முடிச்சுத் தர்றேன்னு சொல்லுவாங்க. இது வேணவே வேணாம். ஃபேக்டரியில மெஷின் போட்டு ஒட்டின சீல் ஒரு தடவை பிரிஞ்சா கையால ஒட்டறது அதே மாதிரி நிக்காது, முதல் மழையிலயே உள்ள ஆவி பிடிச்சிரும், அப்புறம் நல்ல ஒரிஜினல் லைட்டும் போச்சு. மூணாவது, உங்க வண்டியில ஏற்கெனவே இண்டிகேட்டர் தனித்தனி துண்டா பிரிஞ்சு இருந்தா நடுவுல ஒரு சின்ன மாட்யூல் மட்டும் போட்டு வரிசையா எரிய வைக்கலாம். அமெரிக்காவுல பழைய மாடல் மஸ்டாங் கார் வச்சிருக்கிறவங்க அப்படித்தான் பண்றாங்க, அந்த வண்டியில ஒவ்வொரு பக்கமும் மூணு பட்டை தனியா இருக்கறதால சுலபம். நம்ம ஸ்விஃப்ட்ல இண்டிகேட்டருக்கு ஒரே ஒரு பல்ப், அதை எப்படிப் பிரிச்சு ஓட விடறது?

சொல்லப்போனா இந்த ஐடியா ஆடி கண்டுபிடிச்சது இல்ல. 1965 ஃபோர்டு தண்டர்பேர்டுலயே வந்துடுச்சு, ஒவ்வொரு பக்கமும் மூணு பல்ப், டிக்கிக்குள்ள ஒரு குட்டி மோட்டார் சுத்தும், அது சுத்தச் சுத்த ஸ்விட்ச் ஒண்ணொண்ணா அழுந்தி உள்ள இருந்து வெளிய வரிசையா எரியும். எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது, அந்தக் காலத்துல அதை யோசிச்சவங்களை நினைச்சா இன்னைக்கும் ஆச்சரியமாதான் இருக்கு. அப்புறம் 1967 மெர்க்குரி கூகர்ல வந்தது. ஆடி இதை எல்இடி-ல திரும்பக் கொண்டு வந்தது 2012-ல, ஆர்8 வண்டியில. நம்ம ஊர்லயும் இப்ப கம்பெனியே போட்டுத் தர ஆரம்பிச்சுட்டாங்க, 2021-ல வந்த எக்ஸ்யூவி 700, 2024 க்ரெட்டா எல்லாம் பாத்திருப்பீங்க.

மாட்டறது பெரிய வேலை இல்ல. டிக்கியைத் திறந்து ஸ்க்ரூவைக் கழட்டி லைட்டை நேரா பின்னாடி இழுத்தா க்ளிப்ல இருந்து டப்புனு விடும், பக்கவாட்டுல நெம்பினா பெயிண்ட் போயிரும், அதனால மாட்டற பையன் பம்பர் ஓரத்துல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டுத்தான் கையே வச்சான், அந்தக் கவனம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. புது லைட்டுல கம்பெனி கப்ளர் (வயர் முனையில இருக்கற ப்ளக்) அப்படியே உக்காருது, ஒரு வயர் கூட கட் பண்ணலை. இதை வாங்கறதுக்கு முன்னாடியே கப்ளரைக் கையில எடுத்துப் பாத்து உறுதி பண்ணிக்கங்க. "சின்ன ஜாயின்ட் ஒண்ணு போடணும் சார், டேப் அடிச்சிரலாம்"னு சொன்னாங்கன்னா அந்தக் கடையை விட்டு வெளிய வந்துடுங்க, பின்னாடி எலெக்ட்ரிக்கல் பிரச்சனைன்னு சர்வீஸ் சென்டருக்குப் போனா அந்த ஒரு டேப்பைக் காட்டியே வாரண்ட்டி இல்லைன்னுடுவாங்க.

அடுத்தது எல்லாரும் கேக்கற ஃபாஸ்ட் ப்ளிங்க்கிங். கம்பெனி இண்டிகேட்டர் பல்ப் 21 வாட், கிட்டத்தட்ட ஒண்ணேமுக்கால் ஆம்பியர் இழுக்கும். எல்இடி அதுல பத்துல ஒரு பங்கு கூட இழுக்காது சில சமயம். கரண்ட் கம்மியா போகுதுன்னு தெரிஞ்சதும் வண்டி பல்ப் ஃபியூஸ் ஆயிடுச்சுன்னு நினைச்சு டிக்டிக்டிக்னு ரெண்டு மடங்கு வேகத்துல அடிக்க ஆரம்பிக்கும். அதைத் தடுக்கத்தான் ரெசிஸ்டர் போட்டு வீணா கரண்டை இழுக்க வைக்கறாங்க. என் செட்ல அது லைட்டுக்குள்ளயே வருது, பின்பக்கம் அலுமினியத் தகடோட, அதனால ப்ளிங்க்கிங் பழைய வேகத்துலயேதான் இருக்கு. தனியா ரெசிஸ்டர் போட்டுத் தர்றேன்னு சொல்ற செட்டுன்னா ரொம்பக் கவனம். வழக்கமா போடறது 50 வாட், 6 ஓம், வண்டி ஓடும்போது 13.5 வோல்ட் இருந்தா அது எரியற நேரமெல்லாம் 30 வாட் சூடு வெளிய விடுது. ஹசார்டு (நாலு இண்டிகேட்டரும் ஒண்ணா மின்னறது) போட்டுட்டு கால் மணி நேரம் நின்னா கை வைக்க முடியாது. என் மாமா பையன் வண்டியில வேற ஒரு கடையில அதை பம்பர் பிளாஸ்டிக்கோட டை போட்டுக் கட்டி விட்டிருந்தாங்க, பிளாஸ்டிக் குழைஞ்சு பள்ளமாவே போயிடுச்சு. இரும்பு பாடியில ஸ்க்ரூ போட்டுத்தான் மாட்டணும், அதுல காம்ப்ரமைஸே கிடையாது.

இப்ப முக்கியமான விஷயம், ஓடற விதம். மார்க்கெட்ல ரெண்டு டைப் இருக்கு. ஒண்ணுல ஒரு புள்ளி மட்டும் உள்ள இருந்து வெளிய நகர்ந்து போகும், பின்னாடி இருக்கறது அணைஞ்சுட்டே வரும். இன்னொண்ணுல ஒவ்வொண்ணா எரிஞ்சு, எரிஞ்சது அணையாம நின்னு, கடைசியில முழுப் பட்டையும் ஆரஞ்சா ஒரு கணம் நின்னு அப்புறம் மொத்தமா அணையும். ரெண்டாவதுதான் சரியானது. முதல் டைப்புல எந்த நேரத்துலயும் ஒரு துளி வெளிச்சம்தான் இருக்கு, பகல்ல அது சிக்னலே இல்ல. ஐரோப்பாவுல பின்பத்தற ஐ.நா. ரூல்ல இதுக்குன்னே தெளிவா எழுதியிருக்காங்க, எரிஞ்சது அணையக் கூடாது, வண்டியோட நடுவுல இருந்து வெளிப்பக்கமாதான் போகணும், ஆரம்பிச்சதுல இருந்து 200 மில்லிசெகண்டுக்குள்ள, அதாவது அஞ்சுல ஒரு பங்கு செகண்டுக்குள்ள முழுசும் எரிஞ்சு முடிஞ்சிரணும். ஏன்னு கணக்குப் போட்டுப் பாத்தா புரியும். இண்டிகேட்டர் நிமிஷத்துக்கு 60-ல இருந்து 120 தடவைக்குள்ள அடிக்கணும், நடுவுல 90-னு வச்சுக்கிட்டா ஒரு தடவைக்கு முக்கால் செகண்ட் கூட இல்ல, அதுல பாதி நேரம்தான் லைட் எரியுது, அதாவது மூணுல ஒரு பங்கு செகண்ட். அந்தக் குட்டி நேரத்தை முழுக்க ஓடறதுக்கே செலவு பண்ணிட்டா முழு வெளிச்சம் எப்ப தெரியும்?

என் லைட்டை மொபைல்ல 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷன்ல எடுத்துப் பாத்தேன், ஓடி முடிக்க ஏறக்குறைய கால் செகண்ட் எடுக்குது. ஐரோப்பா ரூல் அளவை விடக் கொஞ்சம் மெதுவு. அதுக்கப்புறம் முழுப் பட்டை நிக்கற நேரம் கம்மியாதான் இருக்கு. இன்னும் கொஞ்சம் வேகமா ஓடியிருந்தா முழு மார்க்கே கொடுத்திருப்பேன். கடையில டெமோ காட்டும்போது மெதுவா ஓடறதுதான் அழகா தெரியும், அதுல மயங்கிடாதீங்க, வேகமா ஓடறதைத்தான் எடுக்கணும்.

கலர் ஆரஞ்சு, சுத்தமான ஆரஞ்சு, மஞ்சளும் இல்ல சிவப்பும் இல்ல. இதைச் சொல்லக் காரணம், சில செட்ல இண்டிகேட்டரும் சிவப்பாவே ஓடும், அமெரிக்காவுல அதுக்கு அனுமதி இருக்கு, நம்ம ஊர்ல இண்டிகேட்டர் ஆரஞ்சாதான் இருக்கணும். சிவப்பு பிரேக்குக்குப் பக்கத்துல சிவப்பு இண்டிகேட்டர் ஓடினா யாருக்கும் எதுவும் புரியாது.

இது நிஜமாவே உதவுதான்னு கேட்டா, உதவுது, அதுவும் நம்ம ரோட்டுலதான் ரொம்ப உதவுது. கத்திப்பாரா ஏறும்போதோ பெருங்களத்தூர்ல பஸ் எல்லாம் ஓரம் கட்டி நிக்கற இடத்துலயோ பாருங்க, பின்னாடி வர்றவனுக்கு நம்ம வண்டியோட பின்பக்கம் முழுசா தெரியவே தெரியாது, நடுவுல ஒரு ஷேர் ஆட்டோ, ரெண்டு பைக் இருக்கும், ஒரு ஓரம் மட்டும்தான் கண்ணுல படும். அந்த ஒரு ஓரத்துல சாதா லைட் மின்னினா அது இண்டிகேட்டரா ஹசார்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? நம்ம ஊர்ல ஜங்ஷன்ல நேரா போறதுக்கெல்லாம் ஹசார்டு போடற பழக்கம் வேற இருக்கு (தயவு செஞ்சு அதை விட்டுடுங்க, நேரா போறதுக்கு எந்த லைட்டும் போட வேண்டாம்). ஓடற இண்டிகேட்டர்ல ஒரு பக்கம் மட்டும் தெரிஞ்சாலே போதும், வெளிச்சம் போற திசையே சொல்லிடுது. என் தம்பி பல்லாவரத்துல இருந்து பைக்ல பின்னாடியே வந்துட்டு இதைத்தான் முதல்ல சொன்னான், "அண்ணா, உன் லெஃப்ட் லைட் மட்டும்தான் தெரிஞ்சுது, ஆனா நீ திரும்பறன்னு உடனே தெரிஞ்சிருச்சு"ன்னான்.

ஆனா இது வேலை செய்யணும்னா ஹசார்டு போடும்போது லைட் ஓடக் கூடாது, மொத்தமா ஒரே நேரத்துல எரிஞ்சு அணையணும், அப்பத்தான் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியும். என் செட்ல இது இல்லை, ஹசார்டுலயும் ஓடுது. லைட்டுக்குள்ள இண்டிகேட்டருக்குப் போற வயர் ஒண்ணேதான், இண்டிகேட்டரா ஹசார்டான்னு அதுக்குத் தெரிய வழியே இல்ல, அதனால இந்த விலையில வர்ற எந்த செட்லயும் இதை எதிர்பார்க்க முடியாது. எனக்கு இந்த லைட்டுல இருக்கற பெரிய குறை இதுதான்.

ரெண்டாவது குறை பிரேக். நைட்ல டெயில் லைட் பட்டை நல்லா பளிச்னு எரியுது, பாக்க அழகு, ஆனா அதே அழகால பிரேக் பிடிக்கும்போது வித்தியாசம் குறைஞ்சு தெரியுது. கம்பெனி லைட்டுல பிரேக் அடிச்சா குப்புனு தெரியும், இதுல பட்டைக்குள்ள தனியா இருக்கற ப்ளாக் எரியறதால தெரியுது, ஆனா பழைய அளவுக்கு இல்ல. மேல கண்ணாடிகிட்ட இருக்கற மூணாவது பிரேக் லைட் ஒரிஜினலாவே இருக்கறதால நான் நிம்மதியா இருக்கேன். உங்க வண்டி பேஸ் மாடலா இருந்து அந்த மூணாவது லைட் சரியா எரியலைன்னா முதல்ல அதைச் சரி பண்ணிட்டு இதுக்கு வாங்க. வாங்கும்போதே டெயிலை ஆன்ல வச்சுட்டு பிரேக்கும் கொடுக்கச் சொல்லி பத்தடி தள்ளி நின்னு பாருங்க, கடையில யாரும் தானா இதைக் காட்ட மாட்டாங்க, கேட்டாதான் காட்டுவாங்க.

ரிவர்ஸ் லைட் சுமார், கம்பெனி அளவுக்கு வெளிச்சம் பத்தலை, கேமரா இருக்கறதால சமாளிக்கலாம். கார் அன்லாக் பண்ணும்போது ஒரு வெல்கம் அனிமேஷன் ஓடும்னு பாக்ஸ்ல போட்டிருந்தது, அதுக்கு தனியா பேட்டரி வயர் இழுக்கணும்னாங்க, வேண்டாம்னுட்டேன், நிக்கற வண்டியில எப்பவும் கரண்ட் போயிட்டிருக்கற வயரை நான் விரும்பலை.

தண்ணி விஷயம். ஐப்பசி கார்த்திகை மழை முழுக்க வண்டி வெளியதான் நின்னுச்சு, வேளச்சேரி பக்கம் டயர் பாதி முங்கற தண்ணியில போயிருக்கேன். தண்ணி உள்ள இறங்கலை. வாட்டர் வாஷ் பண்ணினா மட்டும் இடது லைட்டோட கீழ் மூலையில லேசா ஆவி பிடிக்குது, வெயில்ல நின்னா போயிடுது. ஆவி பிடிச்சுப் போறது பரவாயில்ல, கம்பெனி லைட்டுலயே சில சமயம் வரும், ஆனா துளித்துளியா தேங்கி நின்னா சீல் போச்சுன்னு அர்த்தம், உடனே மாத்தக் கேளுங்க. மாட்டறதுக்கு முன்னாடி லைட்டைத் திருப்பி, பின்பக்கம் சுத்தி ஒட்டியிருக்கற கறுப்பு ஃபோம் எங்கயும் பிரியாம இருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. அது பிரிஞ்சிருந்தா லைட்டுக்குள்ள இல்ல, டிக்கிக்குள்ள தண்ணி வரும், ஸ்டெப்னி கிடக்கற குழியில நிக்கும், நாத்தம் வந்த பிறகுதான் தெரியும். கத்திரி வெயில்ல கண்ணாடி மங்கலை, எல்இடி ஒண்ணு கூட சாகலை.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் தெரிஞ்சுக்கணும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி முதல்ல கொடுத்த விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது, 2019 திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுல ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் ஃபைன், இல்லைன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் போடலாம்னு இருக்கு. என்னை இதுவரைக்கும் யாரும் நிறுத்திக் கேக்கலை, ஆரஞ்சு சிவப்பு எல்லாம் சரியான கலர்ல சரியான இடத்துல இருக்கறதால இருக்கலாம், ஆனா யாரும் கேக்கலைங்கறதும் சட்டம் அனுமதிக்குதுங்கறதும் ஒண்ணு இல்ல. அதே அளவு வடிவத்துல லைட்டை மாத்தறது இந்தப் பிரிவுல வருமா வராதான்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, என்னைப் பொறுத்தவரைக்கும் அந்த ரிஸ்க் தெரிஞ்சுதான் போட்டேன், நீங்களும் தெரிஞ்சே போடுங்க. கம்பெனி லைட்டோட கண்ணாடியில பாத்தீங்கன்னா அப்ரூவல் நம்பர் எல்லாம் பொறிச்சிருக்கும், இந்த செட்ல அப்படி எதுவும் இல்ல. அப்ரூவல் அடையாளம் பொறிச்ச செட் கிடைச்சா ஆயிரம் ரெண்டாயிரம் ஜாஸ்தி ஆனாலும் அதையே எடுங்க.

புது வண்டி, வாரண்ட்டி இன்னும் ஓடிட்டிருக்குன்னா கொஞ்சம் பொறுத்துக்கங்க. வாரண்ட்டி முடிஞ்ச வண்டி, இருக்கற லைட் வெளிறிப்போய் எப்படியும் மாத்தணும்ங்கற நிலைமைன்னா தாராளமா போடலாம், அஞ்சுக்கு மூணரை கொடுப்பேன். ஹசார்டுக்கு அரை, பிரேக் வித்தியாசத்துக்கு அரை, ஓடற வேகத்துக்கும் ரிவர்ஸுக்கும் சேர்த்து அரை குறைச்சிருக்கேன். கடைக்கு அஞ்சுக்கு அஞ்சு, ஸ்மோக் வேணாம்னு பாய் சொன்னதுக்காகவே. பில் கேட்டா ஆறு மாச மாத்து வாரண்ட்டின்னு அதுலயே கையால எழுதி சீல் போட்டுத் தந்தாங்க, நீங்க எந்தக் கடையில வாங்கினாலும் அப்படி எழுதி வாங்கிக்கங்க. கழட்டின கம்பெனி லைட்டைக் கடையில விட்டுட்டு வராதீங்க, ஐநூறு ரூபாய்க்கு எடுத்துக்கறேன்னு கேப்பாங்க, கொடுக்காதீங்க, புது லைட் வந்த பாக்ஸ்லயே போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்து பரண்ல வச்சிருங்க, வண்டியை விக்கும்போதோ ஆர்டிஓ போகும்போதோ அதை மாட்டத் தேவைப்படும்.